கோல்கீப்பரா, அணியின் தடுப்பாட்டமா? ஐஸ் ஹாக்கியில் இரண்டையும் பிரித்து அளக்க முழுமையான வழிகாட்டி

கோல்கீப்பரின் ஆட்டத்தை முதன்முதலாக எண்களில் பார்ப்பவர்கள் நேராக சேவ் சதவீதத்துக்குத்தான் போகிறார்கள். வலைக்கு வந்த ஷாட்களில் எத்தனை தடுக்கப்பட்டன என்பது அந்த எண். தாக்குதல் பகுதியின் எல்லையான நீலக் கோட்டருகிலிருந்து வந்து முழுதாகக் கண்ணில் பட்ட ஷாட்டுக்கும் அதில் ஒரே மதிப்பு. குறுக்கு பாஸுக்குப் பின், வலைக்கு முன்னால் கோல்கீப்பருக்கான பகுதியான கிரீஸின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பாய்ந்து தடுத்த ஷாட்டுக்கும் அதே மதிப்பு.

தடுப்பாட்டம் ஷாட்களின் எண்ணிக்கையைக் குறைக்கும், கூட்டும். அது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமான இன்னொன்றையும் அது செய்கிறது. ஷாட் கிளம்பும் கணத்தில் கோல்கீப்பர் காலூன்றி நிற்கிறாரா, பக் (ஆடும் வட்டு) அவர் பார்வையில் இருக்கிறதா என்பது பெரும்பாலும் முன்னால் நிற்கும் ஐந்து பேரின் கையில் இருக்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாமே அதை அளப்பதற்குத்தான். வரிசையை மாற்ற வேண்டாம். முதல் மூன்று படிகளில் விட்ட பிழை, ஏழாவது படியில் பெருகி வந்து நிற்கும்.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முழு ஆட்டத்தின் வீடியோ வேண்டும். தொகுத்த கோல் காட்சிகள் போதாது. கோல்களை மட்டும் பார்த்தால் எல்லாக் கோல்கீப்பர்களும் மோசமாகத்தான் தெரிவார்கள். அதே வகை ஷாட்டை அவர் எத்தனை முறை தடுத்தார் என்பது தொகுப்பில் இருக்காது.

கேமரா அரங்கின் நடுப்பகுதியில், உயரத்தில் இருப்பது நல்லது. கோல்கீப்பரின் ஸ்கேட்டுகளும் பாஸ் வந்த இடமும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும். வலைக்குப் பின்னால் இன்னொரு கேமரா கிடைத்தால் ஆள் மறைத்து நின்றதால் கோல்கீப்பர் பார்க்க முடியாத ‘ஸ்கிரீன்’ ஷாட்களைத் தீர்மானிக்க அதைவிட உதவி வேறில்லை.

தாக்குதல் பகுதியின் வரைபடம் ஒன்றை அச்சிட்டுக்கொள்ளுங்கள். வலையின் நடுவிலிருந்து நேராக முன்னோக்கி, ஃபேஸ்-ஆஃப் வட்டங்களின் (ஆட்டத்தை மறுபடி தொடங்கப் பக்கைப் போடும் இடங்கள்) மேல் விளிம்பு வரை ஒரு கோடு போடுங்கள். முன்னாள் கோல்கீப்பர் ஸ்டீவ் வாலிகெட் இந்தக் கோட்டுக்கு ‘ராயல் ரோடு’ என்று பெயர் வைத்தார். கோல்கீப்பர் பயிற்றுநர்கள் நடுவே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பிறகு இரண்டு ஃபேஸ்-ஆஃப் புள்ளிகளிலிருந்தும் நீலக் கோட்டை நோக்கி ஆளுக்கொரு கோடு. இந்த மூன்று கோடுகளே போதும்.

ஆட்டங்கள் குறைந்தது பத்து. ஆட்டத்துக்கு 25 முதல் 30 ஷாட் என்றால் சுமார் 250 முதல் 300 ஷாட் சேரும். அதற்குக் குறைவாக வைத்துக்கொண்டு முடிவு சொல்வது ஆபத்து. ஏன் என்பதற்கான கணக்கு ஏழாவது படியில் வருகிறது.

## 2. ஆட்ட நிலைப்படி ஷாட்களை முதலில் பிரியுங்கள்

5-க்கு-5 (கோல்கீப்பர் தவிர பக்கத்துக்கு ஐந்து பேர்), தண்டனையால் நம் அணி ஆள் குறைவாக ஆடும் நேரம், எதிரணியில் ஆள் குறைந்து நம் அணி பவர் பிளே ஆடும் நேரம், பெனால்டி ஷாட் என்று தனித்தனிப் பட்டியல் போடுங்கள். வலை காலியாக இருந்தபோது விழுந்த கோல் கோல்கீப்பரின் கணக்கிலேயே சேராது, அதை நீக்கிவிடுங்கள்.

ஒரு ஆள் குறைந்தால் எதிரணிக்குக் குறுக்கு பாஸுக்கான வழி தானாகத் திறந்துகொள்கிறது. அதனால் அந்த நேரத்துச் சேவ் சதவீதம் 5-க்கு-5 ஆட்டத்தைவிடத் தெளிவாகக் கீழே இருப்பது இயல்பு. அடிக்கடி தண்டனை வாங்கும் அணியின் கோல்கீப்பருக்கு மொத்த எண் சரிவதற்கு இது ஒன்றே போதும். அவர் வேறு எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை.

புதியவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள். பிறகு ‘அந்த அணியில் இருந்தபோது 0.915 (அதாவது 91.5%), இந்த அணிக்கு வந்ததும் 0.900’ என்று ஒப்பிடுகிறார்கள். இரண்டு அணிகளும் எத்தனை நிமிடம் ஆள் குறைவாக ஆடின என்று பார்க்காமல் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே கிடையாது.

## 3. ஷாட் எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். வலைக்கு வராததையும் சேர்த்து

வரைபடத்தில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு புள்ளி. வலைக்கு வந்ததற்கு ஒரு குறி, வெளியே போனதற்கு ஒன்று, வழியில் தடுப்பாட்டக்காரர் உடலில் பட்டு நின்றதற்கு ஒன்று.

வலைக்கே வராததை எதற்குக் குறிக்க வேண்டும் என்று கேட்பார்கள். சேவ் சதவீதத்தின் அடிப்படையையே மாற்றுவது அவைதான். நீலக் கோட்டிலிருந்து வரும் ஷாட்களை உடலால் தடுப்பதில் வல்ல அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அணி தன் கோல்கீப்பரிடமிருந்து பறிப்பது பெரும்பாலும் எளிய ஷாட்களை. மீதி வருபவற்றில் அருகிலிருந்து வரும் ஷாட்களின் பங்கு கூடுகிறது. கோல்கள் குறையலாம், சதவீதமும் சேர்ந்தே குறையலாம். தடுப்பாட்டம் நன்றாக ஆடியும் கோல்கீப்பரின் எண் மோசமாகத் தெரிவது இப்படித்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. வெளியிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் சுடட்டும் என்று விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் காக்கும் அணியின் கோல்கீப்பர் ஆட்டத்துக்கு 35 ஷாட் பார்ப்பார், எண் அழகாக இருக்கும். ‘35 ஷாட் வாங்கினாரே, பாவம்’ என்று பரிதாபப்படுமுன் புள்ளிகள் வரைபடத்தில் எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு ஃபேஸ்-ஆஃப் புள்ளிக் கோடுகளுக்கு வெளியே விழுந்தவை கோணம் குறைந்தவை. உள்ளே, வட்டங்களின் மேல் விளிம்புக்குக் கீழே விழுந்தவைதான் கவலைக்குரியவை.

ஒரு எச்சரிக்கை. அதிகாரப்பூர்வ ஆட்டப் பதிவுகளில் ஷாட்டின் தூரத்தைக் குறிப்பவர்கள் அரங்குக்கு அரங்கு வேறு ஆட்கள். ஒருவர் குறிக்கும் தூரம் இன்னொருவர் குறிப்பதோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. சொந்த அரங்கில் ஆடியதையும் வெளியில் ஆடியதையும் தனியாக வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

## 4. ஷாட்டுக்கு முந்தைய மூன்று விநாடிகளைப் பதியுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. ஷாட் கிளம்பும் சட்டகத்தில் வீடியோவை நிறுத்தி, மூன்று விநாடி பின்னால் போய், கீழே உள்ளவற்றில் எது நடந்தது என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

குறுக்கு பாஸ். நீங்கள் போட்ட நடுக்கோட்டைப் பக் தாண்டியதா? தாண்டினால் கோல்கீப்பருக்கு என்ன வேலை என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல் அளவுப்படி ஃபேஸ்-ஆஃப் புள்ளிகள் கோல் கோட்டிலிருந்து 6.1 மீட்டர் முன்னால், நடுவிலிருந்து பக்கத்துக்கு 6.7 மீட்டர் தள்ளி இருக்கின்றன. ஒரு புள்ளியிலிருந்து மறு புள்ளிக்குப் பாஸ் போனால் கோல்கீப்பர் ஏறக்குறைய 95 பாகை திரும்ப வேண்டும். வலையின் நடுவிலிருந்து 1.8 மீட்டர் வெளியே வந்து நிற்பவர் பக்கவாட்டில் 2.7 மீட்டர் நகர வேண்டும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பாஸ் அந்த 13.4 மீட்டரைக் கடக்க 0.67 விநாடி. பாஸை நிறுத்தாமல் அப்படியே அடித்தால் 130 கிலோமீட்டர் வேக ஷாட் வலைக்கு வர இன்னும் கால் விநாடி. ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் திரும்பி, நகர்ந்து, நின்று, எதிர்வினை காட்ட வேண்டும்.

வலைக்குப் பின்னாலிருந்து வந்த பாஸ். பக் வலைக்குப் பின்னால் இருக்கும்போது கோல்கீப்பர் கம்பத்தை ஒட்டி, தலையைத் தோளுக்கு மேல் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். பாஸ் முன்னால் வந்ததும் பக் சில கணங்கள் பார்வையிலிருந்து மறைந்துவிடும். வலைக்கு நாலு மீட்டர் முன்னால் நிற்கும் ஆள் மணிக்கு 90 கிலோமீட்டரில் அடித்தால்கூட 0.16 விநாடிதான். சாதாரண மனித எதிர்வினைக்கு ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். அவர் பார்த்துத் தடுப்பதில்லை. சரியான இடத்தில் நின்று தடுக்கிறார்.

ஸ்கிரீன். கோல்கீப்பரின் கண்ணுக்கும் பக்குக்கும் நடுவே ஆள் நிற்பது. யார் நின்றார் என்பதையும் எழுதுங்கள். எதிரணி ஆள் மட்டுமா, அல்லது அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நம் தடுப்பாட்டக்காரரும் சேர்ந்து மறைத்தாரா? 18 மீட்டரிலிருந்து வரும் 130 கிலோமீட்டர் வேக ஷாட்டுக்கு அரை விநாடி உண்டு; எளிதில் தடுக்கலாம். அதே பக் கடைசி 5 மீட்டரில்தான் கண்ணில் பட்டால் மிச்சம் 0.14 விநாடி.

திசை மாறிய ஷாட். வழியில் ஸ்டிக்கிலோ உடலிலோ பட்டுத் திரும்பியது. நம் ஆளின் ஸ்டிக்கில் பட்டதைத் தனியாகக் குறியுங்கள்.

விரைந்து வந்த தாக்குதல். எதிரணி நடுப்பகுதியைக் கடந்து வேகமாக வந்து அடித்தது. எத்தனைக்கு எத்தனை பேர் என்று எழுதுங்கள்: 2-க்கு-1, 3-க்கு-2, தனியாள்.

நம் கையிலிருந்து போன பக். நம் பகுதியில் பாஸ் தவறி எதிரணிக்குக் கிடைத்து, உடனே ஷாட். இங்கே ஐந்து பேரும் வெளியேறும் எண்ணத்தில் இருப்பார்கள். கோல்கீப்பரும் ஒரு கணம் தளர்ந்திருப்பார்.

எதுவுமே பொருந்தவில்லை என்றால் ‘தெளிவான ஷாட்’ என்று போடுங்கள். மூன்று விநாடிகளுக்கு மேல் பின்னால் போக வேண்டாம். போனால் எல்லா ஷாட்டுக்கும் யாராவது ஒருவரைக் குற்றம் சொல்ல முடியும். பிரிப்பதன் பயன் கெட்டுவிடும்.

## 5. கோல்கீப்பரின் நிலையைப் பதியுங்கள், முடிவைப் பார்க்குமுன்

வீடியோ இன்னும் ஷாட் கிளம்பும் சட்டகத்தில்தான் நிற்கிறது. கோலா, சேவா என்று பார்க்காமலே மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

ஸ்கேட்டுகள் இரண்டும் நின்றுவிட்டனவா, இன்னும் நகர்கின்றனவா? முகம் பக்கை நேராகப் பார்க்கிறதா? கோல் கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கிறார்: கோட்டின் மேலா, கிரீஸின் நடுவிலா, கிரீஸின் முன்விளிம்பிலா?

முடிவைப் பார்த்துவிட்டு எழுதினால் மனம் ஏமாற்றும். கோல் விழுந்த ஷாட்டுக்கெல்லாம் ‘கடினம்’ என்று எழுதத் தோன்றும், தடுத்ததெல்லாம் எளிதாகத் தெரியும். இதைத் தவிர்க்க இருவர் தனித்தனியாக முதல் 50 ஷாட்களைப் பதிந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆறில் ஒன்றுக்கு மேல் வேறுபட்டால் குறை வரையறையில் இருக்கிறது. பெரும்பாலும் சண்டை ‘ஸ்கிரீன்’ என்ற சொல்லில்தான் வரும். ‘பக் ஸ்டிக்கை விட்டுக் கிளம்பும்போது கோல்கீப்பரால் அதைப் பார்க்க முடியவில்லை’ என்று எழுதி வைத்துக்கொண்டால் சண்டை தீரும்.

மூன்றாவது கேள்வியை அற்பமாக நினைக்க வேண்டாம். தடுப்பாட்டத்தின் பாதிப்பு மிக மறைவாக ஒளிந்திருக்கும் இடம் அது. 9.1 மீட்டர் தொலைவில், நேர் எதிரே இருந்து ஷாட் வருகிறது என்று வையுங்கள். வலையின் அகலம் 1.83 மீட்டர். கோல்கீப்பர் 1.8 மீட்டர் வெளியே நின்றால் அவர் நிற்கும் இடத்தில் மறைக்க வேண்டிய அகலம் 1.46 மீட்டர். 0.6 மீட்டர் மட்டும் வெளியே நின்றால் 1.71 மீட்டர். வித்தியாசம் 25 செ.மீ.; பக்கின் விட்டம் 7.6 செ.மீ., அதாவது மூன்று பக்குகள் பக்கம் பக்கமாக நுழையும் இடம்.

அப்படியானால் எப்போதும் வெளியே வந்து நிற்கலாமே? குறுக்கு பாஸ் வந்தால் 1.8 மீட்டர் வெளியே நின்றவருக்கு 2.7 மீட்டர் நகர்வு, 0.6 மீட்டர் வெளியே நின்றவருக்கு 0.9 மீட்டர்தான். ஆகவே குறுக்கு பாஸை மறிக்காத அணியின் கோல்கீப்பர், சொல்லியோ சொல்லாமலோ, ஆட்டத்துக்கு ஆட்டம் உள்ளே ஒதுங்கத் தொடங்குவார். பாஸை எதிர்பார்த்து உள்ளே நிற்பவரை எதிராளி பாஸ் கொடுக்காமல் நேராகவே அடித்துத் தோற்கடிப்பார். உங்கள் பட்டியலில் அது ‘தெளிவான ஷாட், கோல்’ என்று பதிவாகும். பார்ப்பவர்கள் ‘இதைக்கூடப் பிடிக்கவில்லையே’ என்பார்கள். அந்தக் கோலின் வேர் முந்தைய பத்து ஆட்டங்களில் மறிக்கப்படாத பாஸ்களில் இருக்கிறது. தெளிவான ஷாட்களில் கோல் கூடும்போது நிற்கும் ஆழமும் சேர்ந்து மாறியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

## 6. ரீபவுண்டுக்கு இரண்டு கட்டங்கள் போடுங்கள்

சேவுக்குப் பின், ஆட்டம் நிற்காமல், மூன்று விநாடிக்குள் வந்த அடுத்த ஷாட்டை ரீபவுண்ட் ஷாட் என்று கொள்ளலாம். இதில் கோல்கீப்பரின் பங்கும் உண்டு, அணியின் பங்கும் உண்டு. ஒரே கட்டத்தில் எழுதினால் இரண்டும் குழம்பும்.

முதல் கட்டம்: பக் எங்கே போனது? தெளிவாகப் பார்த்த ஷாட், நெஞ்சுக்கு வந்தது, பிடித்து நிறுத்தியிருக்கலாம். அது நடுப்பகுதிக்குத் தெறித்தால் கோல்கீப்பரின் கணக்கு. தாழ்வாக வந்து கால் பேடில் பட்டது மூலைக்குப் போனால் நல்ல வேலை. ஸ்கிரீனுக்குப் பின்னாலிருந்து வந்ததும் திசை மாறி வந்ததும் எங்கே தெறித்தாலும் அவரைக் குறை சொல்ல வேண்டாம். உடலில் பட்டதே பெரிது.

இரண்டாவது கட்டம்: பக் விழுந்த இடத்தில் எதிராளியின் ஸ்டிக் சுதந்திரமாக இருந்ததா? நம் ஆள் அருகிலேயே நின்றும் எதிராளியின் ஸ்டிக்கைத் தூக்கவோ அழுத்தவோ இல்லையென்றால், பக் எங்கே தெறித்திருந்தாலும் அந்த இரண்டாவது ஷாட் அணியின் கணக்கு.

## 7. கணக்கிடுங்கள்

இப்போது ஷாட்களை இரண்டே வகையாகச் சுருக்குங்கள். கோல்கீப்பர் நின்று, பார்த்து எதிர்கொண்டவை ‘தெளிவானவை’. நான்காவது படியில் ஏதாவது ஒரு குறி விழுந்து, ஐந்தாவது படியில் கால் நகர்ந்துகொண்டோ பார்வை மறைந்தோ இருந்தவை ‘கடினமானவை’. குறி இருந்தும் கோல்கீப்பர் நேரத்துக்கு வந்து நின்றுவிட்டால்? அது அவருடைய திறமை. ‘கடினம், வந்து சேர்ந்தார்’ என்று கடினமானவற்றிலேயே எண்ணுங்கள். தெளிவானவற்றில் தள்ளினால் வேகமாக நகரும் கோல்கீப்பருக்கு எளிய ஷாட்கள் வந்ததாகத் தெரியும், அவருக்கு அநியாயம்.

கணக்கு எப்படிப் போகும் என்பதற்குக் கற்பனையாக இரண்டு கோல்கீப்பர்கள், ஆளுக்கு 300 ஷாட்.

முதலாமவருக்குத் தெளிவானவை 240, தடுத்தது 228. கடினமானவை 60, தடுத்தது 45. மொத்தம் 273, சேவ் சதவீதம் 0.910.

இரண்டாமவருக்குத் தெளிவானவை 180, தடுத்தது 172. கடினமானவை 120, தடுத்தது 92. மொத்தம் 264, அதாவது 0.880.

மொத்த எண்ணைப் பார்த்தால் முதலாமவர் வெகுதூரம் முன்னால். வகைப்படி பாருங்கள்: தெளிவானவற்றில் 0.950-க்கு எதிராக 0.956, கடினமானவற்றில் 0.750-க்கு எதிராக 0.767. இரண்டு வகையிலும் இரண்டாமவரே மேல். அவர் அணி அவருக்கு இரண்டு மடங்கு கடினமான ஷாட்களைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரே எண்ணாக வேண்டுமென்றால் இருவருக்கும் பொதுவான கலவையைப் பயன்படுத்துங்கள். இருவரின் 600 ஷாட்களையும் சேர்த்தால் தெளிவானவை 70%, கடினமானவை 30%. ஒவ்வொருவரின் வகைச் சதவீதத்தையும் இந்த விகிதத்தால் பெருக்கிக் கூட்டினால் முதலாமவருக்கு 0.890, இரண்டாமவருக்கு 0.899.

உடனே இரண்டாமவரே சிறந்தவர் என்று அறிவித்துவிட வேண்டாம். 60 ஷாட்களில் 0.750 என்ற எண்ணின் இயல்பான தடுமாற்றம், அதாவது திட்ட விலக்கம், 0.056, 120 ஷாட்களில் 0.767-க்கு 0.039. இருவருக்கும் நடுவே இருந்த 0.017 வித்தியாசம் இதற்குள் கரைந்துபோகும். ஒரே ஒரு ஆட்டத்தின் 30 ஷாட்களுக்குச் சேவ் சதவீதத்தின் தடுமாற்றம் 0.05-க்கு மேல், 1,000 ஷாட் சேர்ந்தால்தான் 0.009 அளவுக்கு இறங்கும். இந்த அட்டவணை உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: 0.910-க்கும் 0.880-க்கும் உள்ள இடைவெளியை வைத்துக் கோல்கீப்பரை மாற்றுவது தவறு. ஷாட் கலவையில் தெரியும் வேறுபாடு, 60-க்கு எதிராக 120, மிகப் பெரியது. முதலில் சரிசெய்ய வேண்டியது அது.

## 8. தயாராகக் கிடைக்கும் எண்களோடு ஒத்துப் பாருங்கள்

எதிர்பார்த்த கோல் (வந்த ஷாட்களின் தன்மையை வைத்து எத்தனை கோல் விழுந்திருக்கும் என்ற மதிப்பீடு), எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தடுத்த கோல் என்ற எண்களை என்ஹெச்எல் ஆட்டங்களுக்குப் பல தளங்கள் கணக்கிட்டு வெளியிடுகின்றன. பயனுள்ளவை, பயன்படுத்துங்கள். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு.

பொதுவில் கிடைக்கும் ஆட்டப் பதிவில் ஷாட்டின் இடம், வகை, நேரம், அதற்கு முந்தைய பதிவான நிகழ்வு ஆகியவை உண்டு. ஷாட்டுக்கு முந்தைய பாஸ் இல்லை. ஸ்கிரீன் இல்லை. என்ஹெச்எல் 2020-21 பருவத்திலிருந்து பக்கையும் வீரர்களையும் கருவிகளால் பின்தொடர்கிறது என்றாலும், அந்த முழுத் தரவு பொதுப் பதிவில் வருவதில்லை. ஆக, குறுக்கு பாஸை அதிகம் அனுமதிக்கும் அணியின் கோல்கீப்பரை இந்த எண்கள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பாஸை நன்றாக மறிக்கும் அணியில் இருப்பவரை உயர்த்திக் காட்டும். உங்கள் நான்காவது படிப் பட்டியல் இந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது.

இன்னொரு ஒப்பீடு, அதே அணியின் மாற்றுக் கோல்கீப்பர். ஒரே தடுப்பாட்டத்துக்குப் பின்னால் இருவர் நிற்பதால் இது நியாயமாகத் தோன்றும். ஆனால் மாற்றுக் கோல்கீப்பருக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் இரண்டாம் நாள் ஆட்டமும், பலம் குறைந்த எதிரணிகளும் வரும். இரண்டாம் நாள் ஆட்டத்தில் அணி களைத்திருக்கும், பலம் குறைந்த எதிரணி அவர் வேலையைக் குறைக்கும். இருவரின் ஷாட் கலவையும் ஒன்றா என்று பார்த்த பிறகே ஒப்பிடுங்கள்.

## 9. கோல்கீப்பர் தடுப்பாட்டத்துக்குத் திருப்பிக் கொடுப்பதையும் எண்ணுங்கள்

பாதிப்பு ஒரே திசையில் போவதில்லை. எதிரணி மூலைக்குத் தள்ளிவிடும் பக்கைக் கோல்கீப்பர் வலைக்குப் பின்னால் நிறுத்திக் கொடுத்தால் தடுப்பாட்டக்காரருக்கு நிமிர்ந்து பார்க்க ஒரு விநாடி கிடைக்கிறது. நம் கையிலிருந்து போகும் பக்குகள் குறைகின்றன. என்ஹெச்எல்லில் கோல் கோட்டுக்குப் பின்னால், அங்கே குறிக்கப்பட்ட சரிவக வடிவப் பகுதிக்கு வெளியே அவர் பக்கைத் தொடக்கூடாது என்பதால் மூலைகள் கணக்கில் வராது. பக்கைப் பிடித்து வைத்து ஆட்டத்தை நிறுத்தினால் களைத்த ஐந்து பேரை மாற்றவும் வழி கிடைக்கிறது. இவற்றை ஆட்டத்துக்கு எத்தனை முறை செய்தார் என்று ஒரு எண் மட்டும் வையுங்கள். ஷாட் குறைந்ததற்குப் புகழ் முழுவதும் தடுப்பாட்டத்துக்கே போய்விடக்கூடாது.

## 10. விழுந்த கோல்களை இப்போதுதான் பாருங்கள்

முந்தைய படிகள் முடிந்த பிறகு கோல் காட்சிகளுக்கு வாருங்கள். கோல்கீப்பருக்கும் தடுப்பாட்டக்காரருக்கும் நடுவில் யாருக்கு எது என்ற ஒப்பந்தம் முன்பே இருந்ததா, யார் அதை மீறினார் என்பதுதான் இங்கே கேள்வி. ஒப்பந்தமே இல்லாத இடத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது. முதலில் ஒப்பந்தம் போட வேண்டும்.

2-க்கு-1. பக் வைத்திருப்பவர் கோல்கீப்பருக்கு, பாஸ் தடுப்பாட்டக்காரருக்கு. தடுப்பாட்டக்காரர் கடைசி நேரத்தில் ஷாட்டைத் தடுக்கப் பாய்ந்தால் பாஸ் திறந்துவிடும். கோல்கீப்பர் பாஸை எதிர்பார்த்து முன்கூட்டியே நகர்ந்தால் அருகிலுள்ள கம்பத்துப் பக்கம் திறந்துவிடும். யார் மீறினார் என்பது வீடியோவில் பளிச்செனத் தெரியும்.

நீலக் கோட்டு ஷாட். வலைக்கு முன் நிற்கும் எதிராளியை ஷாட்டுக்கு முன்பே பார்வைக் கோட்டிலிருந்து தள்ளிவிட வேண்டும். அல்லது அவருக்கு முன்னால் போய் நின்று ஷாட்டை உடலால் வாங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில், அவர் முதுகோடு ஒட்டி நிற்பதுதான் மிக மோசம்: ஷாட்டையும் தடுப்பதில்லை, இன்னொரு ஸ்கிரீனாகவும் ஆகிவிடுகிறது. உடலால் தடுப்பவர் எந்தப் பக்கத்தை மூடுவார், கோல்கீப்பருக்கு எந்தப் பக்கம் என்பதை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். ஒரே பக்கத்தை இருவரும் மூடினால் மறுபக்கம் முழுதும் திறந்து கிடக்கும்.

வலைக்குப் பின்னால் பக். ஒருவர் பக்கிடம் போகலாம், இருவர் போகக்கூடாது. மீதி பேர் பக்கைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், நடுப்பகுதியில் நிற்கும் எதிராளிகளின் ஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இங்கே விழும் கோல்களில் பெரும்பாலானவற்றில் நம் ஆட்கள் நால்வரும் வலைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும்.

பக்கவாட்டில் வரும் தாக்குதல். தடுப்பாட்டக்காரர் எதிராளியிடமிருந்து ஒன்று அல்லது இரண்டு ஸ்டிக் நீளத்துக்குள் நெருங்கி, ஃபேஸ்-ஆஃப் புள்ளிக் கோட்டுக்கு உள்பக்கம் நின்று அவரை வெளியே ஒதுக்க வேண்டும். இடைவெளி அதிகமானால் எதிராளி தடுப்பாட்டக்காரரையே ஸ்கிரீனாக வைத்து, கால்களுக்கு நடுவே அடிப்பார். அப்படி விழுந்த கோலைத் ‘தெளிவான ஷாட்’ என்று பதிந்திருந்தால் திரும்பப் போய்த் திருத்துங்கள்.

## 11. பயிற்சிக்கு எடுத்துப் போகும்போது

பட்டியலில் மிகப் பெரிய வகை எதுவோ அதில் மட்டும் வேலை செய்யுங்கள். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் திருத்தப் போனால் எதுவும் மாறாது.

குறுக்கு பாஸ்தான் பிரச்சினை என்றால் கோல்கீப்பரைத் தனியே பக்கவாட்டு நகர்வுப் பயிற்சிக்கு அனுப்பி வைப்பது வழக்கம். அது பாதி வேலை. தடுப்பாட்டக்காரர்கள் ஸ்டிக்கின் தட்டையான பகுதியை நடுக்கோட்டில் பனியின் மேல் வைத்துக்கொண்டு நகரும் பயிற்சியை அதே கோல்கீப்பரை வலையில் வைத்தே செய்யுங்கள். பாஸ் மறிக்கப்படுவதை அவர் திரும்பத் திரும்பக் கண்ணால் பார்க்க வேண்டும். அப்போதுதான் கிரீஸின் முன்விளிம்புக்கு வர அவருக்குத் துணிவு வரும். எவ்வளவு வெளியே நிற்கிறார் என்ற பதிவில் இந்த மாற்றம் சேவ் சதவீதத்துக்கு முன்பே தெரியும்.

ஸ்கிரீன் பிரச்சினை என்றால் கோல்கீப்பர் சத்தமாகச் சொல்லப் பழக வேண்டும். நீளமான வாக்கியம் ஆட்டத்தில் எடுபடாது. ‘தெரியல’ என்றால் முன்னால் நிற்பவர் நகர வேண்டும், ‘தெரியுது’ என்றால் அப்படியே இருக்கலாம் என்ற இரண்டு சொல் போதும். பயிற்சியிலேயே கத்தாதவர் ஆட்டத்தில் கத்த மாட்டார்.

அடுத்த பத்து ஆட்டங்களை அதே வரையறைகளோடு, முடிந்தால் அதே இருவரை வைத்து மறுபடியும் பதியுங்கள். வரையறையை நடுவில் மாற்ற நேர்ந்தால் பழைய ஆட்டங்களையும் புது வரையறைப்படி திரும்பப் பதிய வேண்டும். இல்லையென்றால் முந்தைய பத்தையும் பிந்தைய பத்தையும் ஒப்பிடக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது கடினமான ஷாட்களின் பங்கு குறைந்ததா என்பதை. சேவ் சதவீதத்தை அதற்குப் பிறகு பாருங்கள்.